குந்துகாலில் இறங்கியவன்

"கடல் தாண்டிப் போய் அடித்தவன் தமிழன். கடல் தாண்டி வந்து தமிழனை அடித்தவன் எவனும் கிடையாது!" என்று ஒலிபெருக்கியில் ஒருவர் முழங்கினார். இடம், எங்கள் வாலிநோக்கத்துக்குப் பக்கத்து ஊர் விழா மேடை. விசில் காதைப் பிளந்தது. பேசியவர் வெளியூர்க்காரர். காரில் வந்தார், பொன்னாடை வாங்கிக்கொண்டார், காரில் போனார். மேடைக்குப் பின்னால்தான் கடல். அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது, கடலைப் பற்றி எல்லாம் தெரிந்தவராயிற்றே.

அவர் ஒருவரைத் திட்டிப் பயனில்லை. இந்தச் சரக்கு எங்கும் விற்கிறது. 2022-ல் பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு விற்பனை இன்னும் சூடு. புலிக்கொடி கட்டிய கப்பல், வாளோடு ஒருவர், பின்னணியில் உறுமி மேளம், கீழே "போனோம், வென்றோம், எவனும் இங்கே வந்ததில்லை" என்று ஒரு வரி. போனது உண்மை. ராஜேந்திர சோழன் 1017-ல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்து வந்தான். அந்த மன்னன் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கேயே சிறையிருந்து செத்தான். 1025-ல் கடாரம். இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. எவனும் வந்ததில்லை என்கிற அடுத்த பாதிதான் பச்சைப் பொய். அந்தப் பொய்யை வேறெங்காவது, ஊட்டியிலோ ஓசூரிலோ போய்ச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் ராமநாதபுரம் கரையில் நின்றா சொல்வது? இங்கிருந்து கிழக்கே போனால் குந்துகால் இருக்கிறது சாமி, குந்துகால்!

பாம்பன் தீவின் தென்மேற்கு முனையில் இருக்கிற அந்த இடத்துக்குச் சுற்றுலாப் பேருந்துகள் போகின்றன. 1897 சனவரி 26 அன்று விவேகானந்தர் கொழும்பு வழியாகத் திரும்பி வந்து அங்கே கரையேறினார். நினைவு மண்டபம் இருக்கிறது, படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லது. ஆனால் அவருக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தி, 1170-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதே குந்துகாலில் இலங்காபுரன் என்கிற சிங்களத் தண்டநாயகன் ஒரு பெரும்படையோடு நின்றான். மாதோட்டத்தில் கப்பலேறி வந்து, ராமேசுவரத்தைப் பிடித்து, குந்துகாலில் மதிலும் அகழியுமாகக் கோட்டை எழுப்பி, தன் அரசன் பராக்கிரமபாகுவின் பெயரால் பராக்கிரமபுரம் என்று அதற்குப் பெயரும் வைத்தான். தமிழ் மண்ணில், தமிழ்க் கடற்கரையில், பொலன்னறுவை அரசன் பெயரில் ஒரு கோட்டை. அதை இடிக்க, அப்போது மதுரையைப் பிடித்து வைத்திருந்த பாண்டியன் குலசேகரனே கடல் வழியாகவும் தரை வழியாகவும் படையோடு வந்து மோதினான். தோற்றுத் திரும்பினான்.

இறங்கிய படை கரையோடு நிற்கவும் இல்லை. இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் அவர்கள் சண்டை போட்ட ஊர்களை வரிசையாகச் சொல்கிறது: தேவிபட்டினம், நெட்டூர், மானாமதுரை, அஞ்சுகோட்டை, செம்பொன்மாரி, தொண்டி, பாசி, பொன்னமராவதி. புராணத்து ஊர்கள் இல்லை இவை. இன்றைக்கும் நம் பேருந்துகளின் நெற்றியில் எழுதி ஓடுகிற பெயர்கள். ஆள் போதவில்லை என்று ஜகத்விஜயன் என்கிற இன்னொரு தண்டநாயகனையும் பின்னால் அனுப்பினார்கள். மதுரையைப் பிடித்து, தங்கள் ஆள் வீரபாண்டியனை அரியணையில் ஏற்றினார்கள். பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசைப் பாண்டி நாட்டில் புழங்கவிட்டதாகவும் அந்த நூல் சொல்கிறது. பிடிபட்ட தமிழர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய், அனுராதபுரத்தில் முன்பு தமிழர்கள் இடித்ததாகச் சொல்லப்படும் பெரிய தூபியைப் பழுதுபார்க்க வைத்தார்களாம். "எவனும் வந்ததில்லை" என்று விசிலடிக்கிறவர்களின் முப்பாட்டன்களில் சிலர் அங்கே செங்கல் சுமந்திருக்கலாம். யார் கண்டது.

இதைச் சொன்னதும் ஒரு தம்பி, படித்த பையன், என்னை மடக்கினான். "அண்ணே, அதெல்லாம் சிங்களவன் எழுதி வச்சது. அதப் போயி நம்புறீங்களே?" சரி தம்பி, சிங்களவன் எழுதியதைக் கிழித்துக் கடலில் போட்டுவிடுவோம். நம்மாள் வெட்டிய கல்வெட்டை எங்கே போடுவது?

காஞ்சிபுரம் பக்கம் ஆர்ப்பாக்கம் என்றோர் ஊர். இரண்டாம் ராஜாதிராஜ சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஈழத்துப் படை ராமேசுவரம் கோயிலின் கதவை அடைத்து, பூசையை நிறுத்தி, பண்டாரத்தை அள்ளிக்கொண்டது என்று அது சொல்கிறது. அதைக் கேட்டுச் சோழர்களின் சிற்றரசன் எதிரிலிச் சோழ சம்புவராயன் நடுங்கிப்போனான். அவன் மகன், குலசேகரனுக்கு உதவப் போன சோழப் படையோடு போர்முனையில் இருக்கிறான். இவர்கள் வந்தால் என்ன கதி என்று உமாபதிதேவர் என்கிற சைவத் துறவியிடம் ஓடினான். அவர் 28 நாள் இடைவிடாமல் பூசை செய்தார். எதிரி தோற்றான் என்று செய்தி வந்ததும் ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்கு எழுதிக் கொடுத்தான் சம்புவராயன். வரலாற்றில் வரவே வராத படைக்கு எதற்கப்பா காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து 28 நாள் பூசை? வராத ஆளுக்குப் பயந்தா ஓர் ஊரைத் தானம் கொடுத்தான்?

இன்னொரு கல்வெட்டு மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டையில். சோழ அமைச்சன் பெருமான்நம்பிப் பல்லவராயன் இலங்காபுரனையும் அவனோடு வந்த தண்டநாயகர்களையும் கொன்று, தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து வைத்தான் என்கிறது. சூளவம்சம் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. அதன் கதை வெற்றியிலேயே முடிந்துவிடுகிறது, பாண்டி நாட்டை வென்ற ஞாபகமாக ஓர் ஊரை உண்டாக்கிப் பிராமணர்களுக்குக் கொடுத்ததோடு. அவர்கள் தோல்வியை அவர்கள் மறைத்தார்கள், நம் தோல்வியை நாம் மறைக்கிறோம். ஒரு வித்தியாசம்: அவர்கள் தங்கள் தலைகளை மட்டும்தான் மறைத்தார்கள். நாம் ஒரு படையெடுப்பையே மறைத்துவிட்டோம். வாசலில் அடித்த தலை எப்படி மதுரைக்கு வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பறந்தா வந்தது? குந்துகால் வழியாக வந்தது.

அனுப்பியவன் யார் என்றும் கொஞ்சம் பார்க்கலாம். முதலாம் பராக்கிரமபாகு, 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையில் ஆண்டவன். முப்பத்துமூன்று ஆண்டுகள். தென்னிலங்கையின் ஒரு சிறு பகுதியை வைத்துக்கொண்டு கிளம்பி, பொலன்னறுவையில் இருந்த கஜபாகுவோடும் ரோகணத்து மானாபரணனோடும் மோதி, தீவு முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தான். புத்தரின் பல் இருந்த ரோகணத்தில் அரசி சுகலா கலகம் செய்தபோது அதையும் அடக்கிப் பல்லைத் தலைநகருக்குக் கொண்டுவந்தான். 1165-ஐ ஒட்டி, யானை வியாபாரத் தகராறில், பர்மாவுக்கே கப்பற்படை அனுப்பினான். கடல் தாண்டிப் போய் அடிப்பது நம் ராஜேந்திரனின் தனிச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். மிச்ச நேரத்தில் குளம் வெட்டினான். வெட்டியும் பழுதுபார்த்தும் அவன் தந்தவை 163 பெரிய ஏரிகள், 2,376 சிறு குளங்கள் என்று சூளவம்சம் கணக்குக் கொடுக்கிறது. கணக்கில் பாதி புளுகு என்று வைத்துக்கொண்டாலும் பராக்கிரம சமுத்திரம் இன்றும் தண்ணீரோடு கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம். நம் கண்மாய்களையும் பார்க்கலாம். தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, சீமைக்கருவேலம் தவறாமல் இருக்கும். இதைப் பேச எந்த மேடையிலும் யாருக்கும் நேரமில்லை.

இந்தப் 'பரம எதிரி'யின் அப்பா வழித் தாத்தா யார் தெரியுமா? ஒரு பாண்டிய இளவரசன். சோழரை 1070-ல் பொலன்னறுவையிலிருந்து விரட்டிய விஜயபாகு, தன் தங்கை மித்தாவை ஒரு பாண்டியனுக்குக் கட்டிக்கொடுத்தான். அந்தப் பாண்டியனின் மகன் மானாபரணன். (ரோகணத்தில் சண்டை போட்டவன் வேறு ஆள், இந்தக் குடும்பத்தில் பெயருக்குப் பஞ்சம்.) அவன் மகன் பராக்கிரமபாகு. ஆக, மதுரைச் சண்டைக்கு ஆள் அனுப்பியவன் ரத்தத்தில் பாண்டியனும் இருந்தான். மதுரையில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட பராக்கிரமபாண்டியன்தான் முதலில் அவனுக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டான். உதவி வருவதற்குள் குலசேகரன் மதுரையைப் பிடித்து, அவனையும் மனைவி மக்களையும் கொன்றுவிட்டான். தப்பிப் பிழைத்த பிள்ளைதான் வீரபாண்டியன். பங்காளிச் சண்டைக்கு ஒருத்தன் பொலன்னறுவைக்கு ஆள் விட, இன்னொருத்தன் தஞ்சாவூர்ப் பக்கம் ஆள் விட்டான், அவ்வளவுதான் சமாச்சாரம். இதைச் சிங்களம், தமிழ் என்று இரண்டு கட்சியாகப் பிரித்து மேடையில் ஏற்றுகிறவர்கள் நயினாதீவுக்குப் போய்வர வேண்டும். பராக்கிரமபாகுவின் கல்வெட்டு ஒன்று அங்கே தமிழில் இருக்கிறது. ஊராத்துறைக்கு வரும் கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று சட்டம் சொல்கிறது: யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் என்றால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. பழைய கப்பல்களை உடைத்துப் பிழைத்த வாலிநோக்கத்துக்காரனுக்கு இந்தக் கல்வெட்டைப் படித்தால் வயிறு எரியும். அப்போதாவது யாருக்கு எவ்வளவு என்று கல்லில் இருந்தது.

பராக்கிரமபாகுதான் ராமேசுவரம் கருவறையைக் கல்லில் கட்டினான் என்று அந்தக் கோயிலைச் சுற்றியே ஒரு பேச்சும் உண்டு. கதவை அடைத்தவனும் கருவறை கட்டியவனும் ஒரே ஆள்! எது சரி, எது கோயில் வாசலில் விற்கிற புத்தகத்தின் கற்பனை என்று சண்டை போடட்டும். எப்படியானாலும் அவனுடைய ஆட்கள் வந்தார்கள் என்பதில் இரண்டு பேச்சும் ஒன்றுதான். அவனுக்குப் பின் வந்த நிசங்கமல்லனும் பாண்டி நாட்டுக்குப் படையெடுத்ததாகவும் ராமேசுவரத்தில் நிசங்கேசுவரம் கட்டியதாகவும் கல்லில் எழுதி வைத்திருக்கிறான். பராக்கிரமபாகுவுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் இலங்கையைச் சூறையாடி வந்ததற்குப் பழிவாங்க இரண்டாம் சேனனின் படை வந்து மதுரையைச் சூறையாடியது, இங்கே கொண்டுவரப்பட்டிருந்த பொன் புத்தரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனது என்று சூளவம்சம் சொல்கிறது. ஏர்வாடியில் அடங்கியிருக்கும் இபுராகிம் பாதுஷா மதீனாவிலிருந்து கடல் வழியே வந்து பாண்டியனோடு போர் செய்தவர் என்று எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். சந்தனக்கூடுக்கு எல்லாச் சாதிக்காரனும் எல்லா மதத்துக்காரனும் போகிறோம். யாரும் வராத கரையாம்! இந்தக் கரைக்கு வராதவன் யார் என்று கேட்டால் பட்டியல் சின்னதாக இருக்கும்.

இங்கிலாந்துக்காரனைப் பாருங்கள். 1066 செப்டம்பர் 28-ல் நார்மண்டிக்காரன் வில்லியம் கால்வாயைத் தாண்டி வந்து பெவன்சியில் இறங்கினான். இறங்கியதும் அவன் செய்த முதல் வேலைகளில் ஒன்று கோட்டை எழுப்பியது. குந்துகாலில் இலங்காபுரன் செய்ததும் அதுதான். இரண்டு வாரத்தில் ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்து அரசன் ஹெரால்டு செத்தான். வில்லியம் முடிசூடிக்கொண்டான், 1087-ல் சாகும்வரை ஆண்டான். அந்தத் தோல்வி ஆண்டை அந்த நாட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பிக்கின்றன. போர் நடந்த ஊருக்கே 'போர்' என்று பெயர் வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். ஏறத்தாழ எழுபது மீட்டர் நீளத் துணியில் அந்தத் தோல்வியைத் தைத்து வைத்திருப்பதைப் பார்க்க உலகமே பிரான்சு போயிருக்கிறது. யாருக்கும் மானம் போகவில்லை. நமக்கு மட்டும் குந்துகாலில் ஒரு பலகை நட்டால் மானம் போய்விடும். விவேகானந்தர் மண்டபத்துக்குப் பக்கத்தில் இரண்டடிப் பலகை, "பராக்கிரமபுரம் கோட்டை இங்கே இருந்தது" என்று ஒரு வரி. அதற்குக்கூட வழியில்லை.

பாடப் புத்தகமும் இப்படித்தான். காவிரிக் கரையில் யார் தும்மினாலும் ஒரு பத்தி. எங்கள் பக்கம் ஒரு போரே நடந்து முடிந்திருக்கிறது, சொல்வார் இல்லை. ராமநாதபுரம் என்றாலே தண்ணியில்லாக் காடு, தண்டனைக்கு மாற்றல் கொடுக்கிற மாவட்டம். இங்கே வரலாறும் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. மாவட்டத்துப் பிள்ளைகளும் ராஜராஜன் கோபுரத்து உயரத்தைச் சொல்கின்றன. தேவிபட்டினத்தில் நடந்த சண்டை யாருக்கும் யாருக்கும் என்று கேட்டால் நவபாஷாணத்தைப் பற்றிச் சொல்கின்றன.

வீர வசனத்தால் எங்களுக்கு நஷ்டமும் உண்டு. "அன்று ஈழம் வென்றோம், இன்றும் வெல்வோம்" என்று மேடையில் பேசுகிறவர் அடுத்த ஊர் போய்விடுவார். மறுநாள் விசைப்படகில் போகிறவன் எங்கள் ஆள். எல்லை தாண்டினாய் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால், காங்கேசன்துறையில் படகு வெயிலில் காய்ந்து கிடக்க, வீட்டில் கடன் ஏறும். அப்போது ராஜேந்திரன் கப்பல் ஏதும் வருவதில்லை. 1974-ல் கச்சத்தீவு கைமாறியபோதும் வரவில்லை. அந்தப் பக்கத்து மீனவனும் தமிழ்தான் பேசுகிறான், அவன் வலையையும் நம் இழுவை மடி அறுக்கிறது என்பதை மேடையில் சொன்னால் விசில் வராது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற இரண்டு கரைகளில் ஒருத்தன் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தான், மற்றவன் சும்மா கைகட்டி உட்கார்ந்திருந்தான் என்று நம்ப ஒரு தனி மனசு வேண்டும். அவன் உட்கார்ந்திருக்கவில்லை. தோற்ற பிறகும்கூட ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் என்று துறை துறையாக மறுபடி கப்பல் கட்டினான். திருவாலங்காட்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. அதைக் கெடுக்கச் சோழர்கள் யாரை அனுப்பினார்கள்? பராக்கிரமபாகுவின் சொந்த மருமகன் சீவல்லவனை. அரசுரிமை கேட்டு இங்கே வந்து அடைக்கலம் புகுந்தவன். சோழனுக்காகக் கப்பலேறிப் போய் ஈழத்துத் துறைகளை அழித்தது ஒரு சிங்கள இளவரசன். இப்போது விசிலை யாருக்கு அடிப்பது?

இன்னும் கேளுங்கள். சோழர்கள் யாருக்காக இத்தனை தலைகளை வாங்கினார்களோ அந்தக் குலசேகரபாண்டியன், காரியம் முடிந்ததும் பராக்கிரமபாகுவோடு கடிதம் எழுதிக் கூட்டுச் சேர்ந்துகொண்டான். மதுரை வாசலில் அடித்திருந்த சிங்களத் தண்டநாயகர்களின் தலைகளை அவனே கழற்றினான். சோழனுக்கு வேண்டிய மறவர் தலைவர்களை வெள்ளாற்றுக்கு அப்பால் விரட்டினான். சோழர்கள் மறுபடி படை திரட்டி வந்து குலசேகரனைத் துரத்தினார்கள். துரத்திவிட்டு மதுரையில் யாரை உட்கார வைத்தார்கள்? வீரபாண்டியனை. இலங்காபுரன் எந்த ஆளை உட்கார வைக்கக் குந்துகாலில் இறங்கினானோ அதே வீரபாண்டியனை. அவன் மட்டும் விசுவாசமாக இருந்தானா? சில ஆண்டுகளில் அவனும் ஈழத்தோடு சேர்ந்தான். மூன்றாம் குலோத்துங்கன் வந்து அவனையும் விரட்டிவிட்டு விக்கிரமபாண்டியனை வைத்தான். அந்தச் சண்டையிலும் மதுரை மண்ணில் சிங்களப் படை நின்றது. அதைச் சொல்வது சோழனின் மெய்க்கீர்த்தியே. அந்தப் படைவீரர்களின் மூக்கை அறுத்ததாக அதில் பெருமை பேசியிருக்கிறது.